அண்டா யாருடையது

நூலாலை நகர், புதுச்சேரி
12 ஜனவரி 2025

பேத்தி கார்குழலிக்கு,

அன்றைக்கு இருந்தவர்கள்: மில் சங்கத் தலைவர் இராமதாஸ். அவர் பெண்டாட்டி கமலா. அவள் இடுப்பில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்த புருஷோத்தமன். பஞ்சு அடிக்கும் பிரிவில் வேலை செய்த குப்பன், அவன் தங்கச்சி பார்வதி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தாவின் பெண்சாதி அமுதவல்லி. உன் தாத்தா. நான். என் மடியில் உன் அப்பன் நெடுமாறன். மற்றவர்கள் மனையை வாங்கிப் போட்டுவிட்டு மழை நின்ற பிறகு வந்தவர்கள். அவர்களை முதல் நாள் வந்தவர்கள் என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

நீ உடம்புக்கு எப்படி இருக்கிறாய்? நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை. வலது முட்டி என்னைக் கேட்காமல் மடங்கிக்கொள்கிறது. மற்றபடி சாப்பிடுகிறேன், திட்டுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லிவிடலாமே என்கிறான் உன் அப்பன். போனில் சொன்னால் நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்று விடுவார்கள். இந்த நகரில் அந்தப் பழக்கம் அதிகம். காகிதத்தில் இருந்தால் மூஞ்சிக்கு நேரே நீட்டலாம். நீயும் காகிதத்திலேயே பதில் எழுது.

பொன்விழா மலருக்கு நகரின் வரலாறு எழுத உன்னைப் பிடித்துவிட்டான் புருஷோத்தமன். நீ பூனாவில் கம்ப்யூட்டர் வேலையைப் பார்ப்பாயா, இவன் வேலையைப் பார்ப்பாயா? சரி, எழுதிக்கொள். அப்போது இங்கே நகரும் இல்லை, நாயும் இல்லை. தட்டாஞ்சாவடியில் இருந்து ஒரு வண்டிப்பாதை. முந்திரித் தோப்பை வெட்டின கட்டைகள் காலைக் கிழிக்கும். மில்லில் வேலை செய்தவர்களுக்கு இராமதாஸ் அலைந்து திரிந்து மனை பிரித்துக் கொடுத்தார். வைகாசியில் நல்ல நாள் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்கு வீடு பால் காய்ச்சலாம் என்றால் ஒருத்தருக்கும் வீடு இல்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து நடு மைதானத்தில் ஒரே அடுப்பு. ஆளுக்கொரு சொம்பில் பால் கொண்டு வந்தோம். பெரிய பாத்திரத்தை மற்றவர் எடுத்து வருவார் என்று ஒவ்வொருத்தரும் நினைத்ததில் ஒருத்தரும் எடுத்து வரவில்லை. அப்புறம் ஒரு அண்டாவில் ஊற்றிக் காய்ச்சினோம். கற்பூரம் காட்டினோம். அவ்வளவுதான் வரலாறு.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் ஆயா முத்தம்மாள்


பூனா
25 ஜனவரி 2025

அன்புள்ள ஆயாவுக்கு,

முட்டிக்கு அப்பா வாங்கித் தந்த தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்துப் பார்க்கிறாயா? எனக்குச் சளி. வேறொன்றும் இல்லை.

உன் கடிதம் வந்ததும் நகர் சங்கத் தலைவர் புருஷோத்தமனுக்குப் போன் போட்டேன். நகரில் ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் தாத்தாதான் முதல் நாள் வந்தார் என்று சண்டையாம். நுழைவாயில் வளைவுக்குக் கீழே ஒரு கருங்கல் வைக்கப்போகிறார்கள். முதல் நாள் வந்தவர்கள் பெயரை அதில் வெட்டுவார்கள். அன்றைய நாளை நினைவு வைத்திருப்பது இப்போது நீ ஒருத்திதான். அதனால் முத்தம்மா கையால் எழுதித் தரும் பெயர்கள் மட்டும்தான் கல்லில் ஏறும் என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. உன் கையெழுத்தை அப்படியே மலரிலும் அச்சடிப்பார்களாம்.

எனக்கு மூன்று சந்தேகம்.

தாத்தா பெயரை நீ எழுதவே இல்லை. 'உன் தாத்தா' என்று கல்லில் வெட்ட முடியாது.

இரண்டாவது, போன மாதம் இங்கே தோழி வீட்டில் பால் காய்ச்சினார்கள். பொங்கி வந்ததும் நான் பாட்டுக்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழியப் போனேன். அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, பால் திரிஞ்சா குடும்பம் திரிஞ்சிடும்மா" என்றார். நான் வெல்லக்கட்டியோடு அசடு வழிந்து நின்றேன். நம் நகரில் மட்டும் ஏன் புதுவீட்டுப் பாலைத் திரித்து வெல்லம் போடுகிறோம்?

மூன்றாவது, யாரும் பெரிய பாத்திரம் கொண்டு வரவில்லை என்கிறாய். பிறகு அந்த அண்டா யாருடையது?

அன்புடன்,
குழலி


நூலாலை நகர்
8 பிப்ரவரி 2025

பேத்தி கார்குழலிக்கு,

சளிக்குத் துளசிச் சாறு குடி. அங்கே துளசி இல்லையென்றால் அந்த ஊரில் ஏன் இருக்கிறாய் என்று யோசி.

தைலம் தேய்த்தாகிவிட்டது. தைலம்தான் தீர்ந்தது.

புருஷன் பெயரை எழுது என்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? கல்யாணம் ஆனதில் இருந்து பெயர் சொன்னதில்லை, பிள்ளை பிறந்த பிறகு அவர் கண்ணை மூடும்வரை நெடுமாறன் அப்பா என்றுதான் கூப்பிட்டேன். ரேஷன் கடையில், ஓட்டுச்சாவடியில், ஆஸ்பத்திரியில் எல்லாம் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார். வாயால் சொல்லாததைக் கையால் எழுதுவேனா? உன் அப்பனைக் கேட்டு வாங்கிக்கொள்.

பாலைத் திரிப்பது இங்கே வழக்கம். வழக்கத்துக்குக் காரணம் கேட்டால் வேலை நடக்காது.

யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்றும் வரலாற்றில் வரவேண்டும் என்று புருஷோத்தமன் வந்து சொல்லிவிட்டுப் போனான். எழுதிக்கொள். முதல் தெரு மில்காரர்கள். மில் மூடின பிறகு சில பேர் கொத்து வேலைக்குப் போனார்கள், சில பேர் வாட்ச்மேன் ஆனார்கள், சில பேர் மில் திறக்கும் என்று சொல்லிக்கொண்டே செத்தார்கள். இரண்டாவது தெரு சொல்தா வீடுகள். பிரெஞ்சுக்காரன் பென்ஷனில் கட்டின மாடி. ஜன்னல் எல்லாம் ஆள் உயரம், எட்டிப் பார்க்கத்தான் ஆள் கிடையாது. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். மூன்றாவது தெருவில் சேதராப்பட்டு கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வாடகைக்கு வந்து வேரூன்றியவர்கள். வாய்க்கால் ஓரத்தில் அடுக்குமாடி. அதில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கே ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

சாதி, மதம் எல்லாம் எழுதட்டுமா என்று கேட்டான். "அன்னிக்குக் கிணறு வெட்டுனப்போ யாரு யாருன்னு பாத்தா வெட்டுனோம்? உங்கொப்பனுக்கு மண்வெட்டி புடிக்கத் தெரியல, அத எழுது" என்றேன். காபி குடிக்காமல் போய்விட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஆயா முத்தம்மாள்


பூனா
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆயாவுக்கு,

சளி போய்விட்டது. துளசி கிடைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் திருடினேன்.

தாத்தா பெயரை அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பக்கிரி. ஆனால் தலைவர் பிடிவாதமாக இருக்கிறார். பட்டியலில் உன் கையெழுத்தில் இல்லாத பெயரைக் கல்லில் போட்டால் மற்ற வீட்டுக்காரர்கள் விடமாட்டார்களாம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் எழுதிய முன்னுரையை எனக்கு அனுப்பியிருக்கிறார். உனக்காக இரண்டு வரி: "பாலைத் திரித்து வெல்லம் சேர்க்கும் மரபு, விழுப்புரம் பக்கத்து நம் முன்னோர் பல தலைமுறையாகக் கட்டிக்காத்ததாகும். அதை என் தந்தையார் இராமதாஸ் அவர்கள் இம்மண்ணில் நிலைநாட்டினார்." இன்னொன்று: "வாய்க்கால் ஓர மனை, அடுக்குமாடி வரும்வரை காலியாகவே கிடந்தது."

இதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "காலியாவா கெடந்துச்சு?" என்று கேட்டார். பிறகு, சின்ன வயதில் அந்த வீட்டில் ஓர் அம்மா தனக்குச் சுடச்சுட நெத்திலி வறுத்துத் தருவார் என்றார். யார் என்று கேட்டேன். "உங்க ஆயாவ கேளு, நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார். சொல்லிவிட்டேன்.

அண்டா யாருடையது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அன்புடன்,
குழலி


நூலாலை நகர்
2 மார்ச் 2025

கார்குழலிக்கு,

இன்னொரு தரம் அண்டாவைக் கேட்டால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

ஆனால் புருஷோத்தமன் எழுதினதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. முன்னோராம், மரபாம். பால் திரிந்ததும் முதலில் செருப்பை மாட்டினது அவன் அப்பன்தான்.

நடந்தது இது. அண்டாக்காரி ஒருத்தி இருந்தாள். இறால் அவிக்கிற அலுமினிய அண்டா அவளுடையது. பாத்திரம் இல்லாமல் எல்லாரும் முழித்தபோது ஓடிப்போய் எடுத்து வந்தாள். மீன் வாசம் துளியும் இருக்கக்கூடாது என்று வாய்க்காலில் உட்கார்ந்து புளியைப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள். அவசரத்தில் சரியாக அலசவில்லை. பால் சூடு ஏறினதும் பொங்க வேண்டியது திப்பித்திப்பியாகத் திரிந்துவிட்டது.

கமலா தலையில் கை வைத்தாள். "மீன் சட்டியில பால் காச்சுனா வேற இன்னா ஆவும்?"

"மீனு இல்லக்கா, புளி. புளி ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள் அண்டாக்காரி.

இராமதாஸ் சகுனம் சரியில்லை என்று கிளம்பினார். நான் உன் அப்பனைக் கீழே இறக்கிவிட்டு, குப்பன் படைக்க வைத்திருந்த வெல்லத்தைத் தட்டி அண்டாவில் கொட்டிக் கிளறினேன். "திரிஞ்சா இன்னா இப்போ? தித்திக்குதா இல்லியா, தின்னு பாத்துட்டுப் போங்க" என்றேன். தின்றார்கள். அமுதவல்லி இரண்டாம் தரம் கை நீட்டினாள். அடுத்த வருஷம் அவள் வீடுதான் முதலில் எழும்பினது. அன்னிக்கு மாதிரியே பாலைத் திரித்துச் செய்யுங்கள், நாம் நன்றாகத்தானே இருக்கிறோம் என்றாள். அப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் ஆகிவிட்டது. இதில் விழுப்புரம் எங்கே வந்தது, முன்னோர் எங்கே வந்தார்கள்?

உடம்பு பரவாயில்லை. முட்டி அப்படியே.

முத்தம்மாள்


பூனா
15 மார்ச் 2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நான் நலம். நீ கோபமாக இருந்தால் நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மடியில் இருந்த குழந்தையின் பெயர்கூட அதில் இருக்கிறது. அண்டா கொண்டு வந்தவர் பெயர் இல்லை. ஒருத்தர் மூக்கு ஒழுகினது வரை ஞாபகம் வைத்திருக்கும் நீ, இதை மறந்திருக்க மாட்டாய்.

அப்பாவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். தையல்நாயகி. வாய்க்கால் ஓர மனை அவருடையது. அந்த அண்டா நம் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறதாம். நான் குழந்தையாக உட்கார்ந்து குளித்த, அடி நசுங்கின அண்டா அதுதானா?

தலைவரிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "மீன் விக்கிற அம்மாவா? அவங்க மில்காரவங்களே இல்லியே. முத்தம்மா ஆயா எழுதிக் குடுத்தா போடுறோம், இல்லன்னா வுட்டுடுவோம்" என்றார். வைகாசிக்குள் கல் வெட்டி முடிக்க வேண்டும். நீ எழுதினால் அவர் அன்றைக்கு இருந்தார். நீ எழுதாவிட்டால் அந்த மனை காலியாகக் கிடந்தது, பாலை முன்னோர் திரித்தார்கள்.

என்ன நடந்தது ஆயா?

குழலி


நூலாலை நகர்
18 ஏப்ரல் 2025

கார்குழலிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று உன் அப்பனிடம் கேட்டிருக்கிறாய். எழுத ஒன்றும் இல்லை, அதனால் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. பயப்படாதே.

அந்த அண்டாதான்.

தையல்நாயகி பிள்ளைச்சாவடிக்காரி. மில் வாசலில் மீன் விற்பாள். புருஷன் கடலுக்குப் போய் வராதவன். அவள் வீட்டையும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. சுவர் நேற்று இருந்தது, இன்று இல்லை. வாய்க்கால் தண்ணீர் ஏறும் என்று ஒருத்தன் வேண்டாம் என்ற மனையை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி நான்தான் இராமதாஸிடம் மல்லுக்கு நின்றேன். மில்காரி இல்லையே என்றார். "மில்காரனுங்க வயித்துக்குப் போட்டது யாரு?" என்று கேட்டேன். கொடுத்தார். நான் கொண்டு வந்தவள் அவள். உன் அப்பன் என் வீட்டில் பால் குடித்து அவள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தான்.

நீ பிறந்த சமயம். உன் அம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகி, பெரிய ஆஸ்பத்திரியில் நான் வாரக்கணக்கில் கூடவே இருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டை விற்றுவிட்டுச் சேதராப்பட்டில் மகனிடம் போய்விட்டாளாம். என் வாசலில் இந்த அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. அண்டாவைத் தூக்கி வந்து வைக்க நேரம் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லை. மீன்கூடை உள்ளே வரக்கூடாது என்று சங்கத்தில் அப்போது என்னவோ பேச்சு அடிபட்டது. அதற்குப் பயந்து ஓடினாளாம். நான் இருந்தேனே. என்னிடம் சொல்லியிருந்தால் அந்தச் சங்கத்துக் கூரையைப் பிரித்திருக்க மாட்டேனா? முத்தம்மா நமக்காக நிற்பாள் என்கிற நம்பிக்கை இல்லாமல் போனவள்தானே.

சேதராப்பட்டு கூப்பிடு தூரம். இவ்வளவு வருஷத்தில் ஒரு நாள் வரவில்லை.

நம்மை ஒரு ஆளாக எண்ணாதவளை நாம் ஏன் எண்ண வேண்டும்? எழுத மாட்டேன்.

முத்தம்மாள்


பூனா
28 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. திட்டுவதற்கு முன் கடைசி வரை படி.

தையல்நாயகி ஆயாவின் பேத்தி சுவேதாவைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். ஆயாவிடம் கொடுத்தாள். நான் முத்தம்மா பேத்தி என்றேன். "அண்டா ஒழுவுதா?" என்று கேட்டார்.

ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன். சொன்னார். கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. அதை என் கையால் எழுத மாட்டேன் ஆயா. நீயே அவரிடம் கேள். சேதராப்பட்டில் கம்பெனிகளைத் தாண்டியதும் வேப்பமரம் வைத்த வீடு, மகன் பெயர் பாலாஜி என்று கேட்டால் காட்டுவார்களாம்.

போகும்போது அப்பாவைக் கூட்டிப் போ.

குழலி


நூலாலை நகர்
4 மே 2025

கார்குழலிக்கு,

உன்னைப் படிக்க வைத்தது எனக்கு ஒளித்து எழுதவா? நான் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று நாலு கடிதம் போட்டாய். இப்போது நான் கேட்கிறேன், நீ சொல்லவில்லை. அவள் என்ன சொன்னாள்? என் மேல் பழி போட்டாளா? நீயும் நம்பிவிட்டாயா?

உடனே எழுது. வெயில் அதிகம். மோர் குடி.

முத்தம்மாள்


பூனா
10 மே 2025

அன்புள்ள ஆயாவுக்கு,

மோர் குடிக்கிறேன். நீ போய்விட்டு வா.

குழலி


நூலாலை நகர்
30 மே 2025

கண்ணு குழலிக்கு,

போய்விட்டு வந்தேன். உன் அப்பனிடம் சொல்லவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முட்டி மடங்கினதா என்று கேட்காதே.

"ஆயா, அண்டாவுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான் கண்டக்டர்.

"அது என்னுது இல்ல. அதுக்குச் சொந்தக்காரி வூட்டுக்குத்தான் போறேன், நீயும் வா, அவகிட்ட வாங்கிக்க" என்றேன். விட்டுவிட்டான்.

வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்க்கவில்லை. அண்டாவைத்தான் பார்த்தாள்.

"அடி நசுங்கியிருக்கு" என்றாள்.

"உன்ன மாதிரிதான். வயசாவுது இல்ல?"

"ஒழுவுதா?"

"ஒழுவல. ஏன்டி சொல்லாம போன?"

"நீ ஏன்டி சொல்லி அனுப்புன?"

"நான் யாருகிட்ட இன்னாத்தச் சொல்லி அனுப்புனேன்?"

அப்போதுதான் அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகச் சொன்னாள்.

"உன் வூட்டுக்காரரு வந்து நின்னாரு முத்து. கையில சங்கத்துப் பேப்பரு. மீன்கூடை இனிமே இங்க கூடாது, கருவாடு காயவைக்கக் கூடாது, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுன்னாரு. முத்து இன்னா சொல்லுதுன்னு கேட்டேன். அவதான் என்ன அனுப்புனா, நேரா சொல்ல மனசு வரலியாம்னாரு. அதுக்கு மேல நான் யாரப் போயி கேக்கறது?"

நான் அவள் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நெத்திலியை ஆய்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன் அம்மாவுக்கு வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இங்கே என் பெயரைச் சொல்லி அவளைத் துரத்தியிருக்கிறார்.

"அப்போ அண்டாவ ஏன் வெச்சிட்டுப் போன?" என்று கேட்டேன்.

"பேத்தி பொறந்திருக்குன்னு பார்வதி சொல்லுச்சு. குளிப்பாட்ட ஆவும்னு வெச்சேன். கோவம் உன்மேல. பச்சப்புள்ள இன்னா பண்ணுச்சு?"

அதனால்தான் உனக்கு வேலை ஓடவில்லை, இல்லையா?

அவருக்கு இதில் என்ன கிடைத்தது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த மாதம்தான் சங்கத்தில் அவரைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். அந்தப் பதவிக்கு ஒரு நாற்காலி கூடக் கிடையாது. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து வருவார். சட்டைப்பையில் பேனா குத்திக்கொள்வார். அதற்குத்தான்.

எத்தனை வருஷம் அவளைத் திட்டியிருக்கிறேன். உனக்குக் குளிப்பாட்டும்போது திட்டினேன். அண்டாவைத் தேய்க்கும்போது திட்டினேன். மீன்காரி குரல் எங்கே கேட்டாலும் திட்டினேன். எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார், நிமிரமாட்டார். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், "விடு, பாவம், அவ போனவ" என்றார். எவ்வளவு நல்ல மனசு இவருக்கு என்று நினைத்தேன். அதையும் அமுதவல்லியிடம் பெருமையாகச் சொன்னேன்.

உனக்கு இது தெரியுமா என்று உன் அப்பனைக் கேட்டேன். கொஞ்சம் தெரியும் என்றான். அவனிடம் இந்த வாரம் பேசுவதாக இல்லை. அடுத்த வாரம் பேசுவேன். தலைவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். புருஷோத்தமன் அந்தக் காலத்துக் காகிதம் எதுவும் இல்லை என்றான். "காகிதம் இல்லன்னா இன்னா, நான் இருக்கேன்" என்றேன். கமலா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். என்னையே தெரியவில்லை அவளுக்கு. அவளிடம் என்ன சண்டை போடுவது?

விழாவுக்குத் தையல்நாயகி வருகிறாள். அவள் அண்டாவில்தான் பால். "புளிய கொறச்சலா போட்டுத் தேய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "பாலு திரியலன்னா உங்க முன்னோரு கோச்சிக்குவாங்களே" என்றாள். பத்து நாளாக இரண்டு பேரும் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஆமாம், சுவேதா போனில். எனக்குப் போன் பிடிக்காதுதான். அவளிடம் மட்டும் பேசுகிறேன். நான் எது சொன்னாலும் அவள் மறக்கமாட்டாள்.

முன்னால் எழுதின பட்டியலைக் கிழித்துப் போடு. இதைக் கல்லுக்கும் மலருக்கும் கொடு. அன்றைக்கு இருந்தவர்கள்: அண்டா கொண்டு வந்த தையல்நாயகி. மனை வாங்கித் தந்த இராமதாஸ். கமலா. புருஷோத்தமன். வெல்லம் வைத்திருந்த குப்பன். பார்வதி. அமுதவல்லி. நெடுமாறன். நான் முத்தம்மாள். இந்த வரிசையிலேயே வெட்டச் சொல். மாற்றினால் வந்து உட்கார்ந்துவிடுவேன்.

செருப்பை மாட்டினதற்காக இராமதாஸ் மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். செத்தவர். மீன் சட்டி என்று சொன்ன கமலாவையும் விட்டுவிட்டேன். பொய்யை அச்சடிக்கப் பார்த்த புருஷோத்தமனையும் போனால் போகிறது என்று விட்டேன், அவன் முன்னுரையை அடித்துத் திருத்தித் தந்திருக்கிறேன். சொல்லாமல் இருந்த தையல்நாயகியை விட்டாகிவிட்டது. ஒளித்து எழுதின உன்னையும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். விழாவுக்கு லீவு போட்டுவிட்டு வா. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் அவள், குளித்த பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று.

இன்னொரு பெயர் பாக்கி இருக்கிறது. அவரும் அன்றைக்கு இருந்தார். அடுப்புக்குக் கல் எடுத்து வைத்தது அவர்தான், இல்லை என்று நான் பொய் எழுதமாட்டேன். பட்டியலில் கடைசியாகப் போடு. தை மாதத்தில் இருந்து இதை என் கையெழுத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாய். புருஷன் பெயரைச் சொல்லத்தான் கூச்சம். மன்னிக்க முடியாத ஆளின் பெயரை எழுத எனக்கு என்ன கூச்சம்.

பக்கிரி.